மரப்பிடித் துப்பாக்கி

ஞாயிறு இரவு, கிள்ளான்.

பேத்தி கவிதா வெளியூரிலிருந்து வந்து, இங்கே கிளப்பில் குறி சுட்டுப் பழகிவிட்டு, வழக்கம்போல் சாப்பிட வந்தாள். சொந்தமாக வாங்க ஒரு பழைய துப்பாக்கியைப் போனில் காட்டினாள். மரப்பிடி, ஒவ்வொரு குண்டுக்கும் தாழ்ப்பாள் மாதிரி இருக்கும் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டும். "நாலஞ்சு பார்த்துட்டேன் பாட்டி, இதுதான் எனக்குக் கட்டுப்படியாகும் லா."

நான் சிறுமியாக இருந்தபோது, எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் கணக்கு எழுதிய கிராணி என் நாய் மணியைச் சுட்டது அப்படி ஒன்றால்தான். மணி அவனிடம் வாலாட்டிக்கொண்டே போனது.

"அந்தச் சனியனைத் தொட்ட கையோட இங்க வராதே."

"புதுசு வாங்க வசதி இல்ல பாட்டி. போங்க, இனிமே கிளப்புக்கே வரல, இந்தப் பக்கமும் வரல."

மீன்குழம்பைத் தொடாமல் போய்விட்டாள்.

கிராணியை நான் மன்னிக்க மாட்டேன். ஆனால் அவளைத் தவிர இந்தக் கதவை யாரும் தட்டுவதில்லை. விடிந்ததும் போன் போட்டு அதையே வாங்கச் சொல்லப்போகிறேன்.

மணி, நீ கோபித்துக்கொள்ளாதே.