ஃப்ரீஸருக்குள்ள இருந்த இறால்

ஹிதாயா,

நைட் டியூட்டி முடிஞ்சு வந்து படுத்த ஆளை எழுப்ப மனமில்ல, அதான் எழுதி வைக்கிறன். சாப்பிடப் பாண் மேசையில மூடி இருக்கு. மில்லுக்குப் போய் அரிசி இடிச்சாச்சு, கேஸ் சிலிண்டரும் மாத்தியாச்சு. பின்னேரம் உன்ட உம்மா வருவா. தட்டினா கேட்கிற மாதிரிப் படு.

காலையில வாசல்லயே நீ கேட்டது இன்னும் காதுக்குள்ள நிக்குது. "லீவு நாள்லயும் ஓட்டம், ஓடுறதுக்கு ஒரு முனகல். அல்லாஹ்வுக்கு நன்றியா வாயில ஒரு அல்ஹம்துலில்லாஹ் வருதா?" என்டாய். எனக்கு இருக்கிறது ஒரு சனிக்கிழமை. அதுல பாதி கியூவில போகுது. மிச்சத்துல களப்புக்குப் போய்த் தூண்டில் போட்டா, மீன் நாத்தம் என்டு அதுக்கும் ஏச்சு. முனகாம என்ன செய்ய?

சரி, களப்புக்குப் போறன். சாவி ஜன்னல்ல.

இன்னுமொன்டு. ஐஸ் எடுக்க ஃப்ரீஸரைத் திறந்தன். நான் தூண்டிலுக்கு இரை வெட்டுற மாதிரியே இறாலைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டி, பையில கட்டி வச்சிருக்காய். ராவெல்லாம் ஆஸ்பத்திரி வாட்டுல நின்டுட்டு வந்து, என்னோட சண்டையும் பிடிச்சிட்டு, நான் மில்லுக்குப் போன நேரத்துலயா இதைச் செஞ்சாய்?

அல்ஹம்துலில்லாஹ் சொன்னன். அடுப்படியில நின்டு, சத்தமாவே சொன்னன். நீ குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தாய்.

மஸாஹிர்