மூடி போட்டு எடுத்த படம்

பூனாகலை

விதுஷா அம்மாவுக்கு,

ஃபோன்ல சொல்ல வாய் வரல. அதான் எழுதுறேன்.

நான் கண்டுபிடிச்சேன், உன் பேர வைக்கப் போறேன்னு சொன்னேனே, அது நட்சத்திரமே இல்ல.

வெளிநாட்டுத் தொலைநோக்கி எடுத்த படங்கள ஒரு இணையத்தளத்துல ஏத்தினா, கேமராவோட குறையக் கழிச்சு சுத்தமாக்கித் தரும். அதுக்கு, அதே கேமராவ மூடி போட்டு அவங்க எடுத்த இருட்டுப் படத்தையும் சேர்த்து ஏத்தணும். காலையில ஆளுங்களுக்குப் பேர் போடுற நம்ம பெரட்டுக்களத்து மேட்டுல மட்டுந்தான் சிக்னல். அன்னைக்கு நல்ல மழை. ஒரு படந்தானேன்னு இருட்டுப் படத்த ஏத்தாம விட்டுட்டேன். வந்த படத்துல புதுசா ஒரு புள்ளி மினுங்குச்சு, அதத்தான் நட்சத்திரம்னு நெனச்சேன்.

பொறகு அந்த இருட்டுப் படத்தத் தொறந்து பார்த்தேன். மூடி போட்டிருந்தும் அதே எடத்துல அதே புள்ளி மினுங்குது. வெறும் கேமராக் கோளாறு.

தெரிஞ்சு மூணு மாசமாச்சு. அதுக்குப் பொறகுதான் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க எனக்கு மாலை போட்டாங்க. பெரிய சாரு மாதிரி கழுத்த நீட்டிக்கிட்டு நின்னேன். அதக்கூட விடு. குவைத்துல வேலை முடிஞ்சு மொட்டைமாடிக்குப் போய், "எந்தப் பக்கங்க பாக்கணும்?"னு நீ கேட்டப்பவும் எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தெற்கால பாருன்னேன்.

நேத்து, "இன்னைக்கு நல்லாத் தெரிஞ்சிச்சுங்க"ன்னு சொன்ன.

அதுக்கும் நான் ஆமான்னு சொன்னேன்.

உன் வீட்டுக்காரன்