திருமேசையில் வைத்த டீ

1 மார்ச் 2025, சனி

தேவகோட்டையிலிருந்து பஸ் முக்கால் மணி நேரம் தாமதம். ஸ்பெஷல் கிளாஸ் எடுத்த தொண்டையோடு நேரே ஆலயத்துக்குப் போனேன். நாளை திருவிருந்து. மேசை விரிப்பை மாற்றி, அப்பத்தட்டையும் கிண்ணத்தையும் துடைத்து, மெழுகுவர்த்தி நட்டு — பதினோரு வருடப் பழக்கம். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன். சபையில் இந்த வேலை எனக்குக் கிடைத்ததற்குக் கர்த்தருக்கு நன்றி.

ஈஸ்வரி கூட்ட வந்தாள். ஒக்கூர்க்காரி, மூன்று வருடமாகத்தான் சபைக்கு வருகிறாள். கேட்டிலேயே செருப்பை விட்டு, குழாயில் காலைக் கழுவி, முக்காடு போட்டு, திருமேசைக்கு முன்னால் உள்ள கிராதியருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பாள். எனக்கோ வீட்டில் மாவு பொங்கி வழிந்துகொண்டிருக்கும். யாரிடம் அனுமதி கேட்கிறாய் என்று கிண்டல் செய்தேன்.

"உள்ள இருக்காகள்ல டீச்சர், அவுககிட்டத்தான்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

2 மார்ச், ஞாயிறு

ஆராதனை முடிந்து போதகர் வேதாகமத்தை எடுத்தபோது, வெள்ளை விரிப்பில் வட்டமாக ஒரு பழுப்புக் கறை. டம்ளர் வைத்த தடம். யார் வேலை இது என்று கமிட்டிச் செயலர் கேட்டார். எல்லாரும் ஈஸ்வரி பெயரைத்தான் சொன்னார்கள். உள்ளே போய்க் கூட்டுகிறவள் அவள்தானே!

உள்ளே போகிறவள் நானும்தான். என் பெயர் யாருக்கும் தோன்றவில்லை.

டீ என்னுடையது. நேற்று பிளாஸ்க்கிலிருந்து ஊற்றி, மெழுகுவர்த்தி நடுவதற்குக் கை வேண்டுமே என்று திருமேசையில் வைத்தேன். சமையல் மேடையில் வைக்கிற மாதிரி. எங்கே வைக்கிறோம் என்ற நினைப்பே இல்லை. பிறகு டம்ளரை எடுத்துவிட்டு, கவனிக்காமல் அதே இடத்தில் வேதாகமத்தை வைத்திருக்கிறேன்.

இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? அரை நிமிடம். நான் வாயைத் திறக்கவில்லை.

3 மார்ச்

விரிப்பை ஊற வைத்திருக்கிறேன். சோடா உப்பு இரண்டு தரம் போட்டாயிற்று.

8 மார்ச், சனி

ஈஸ்வரி இனிமேல் கிராதிக்கு வெளியே கூட்டினால் போதுமாம். உள்ளே டீச்சர் பார்த்துக்கொள்வார்களாம். செயலர் என்னை வைத்துக்கொண்டே அவளிடம் சொன்னார். "சரிங்கய்யா" என்றாள். விளக்குமாறு கிராதி வரை வந்து நின்றுவிட்டது. சந்து வழியாகக் கையைக்கூட உள்ளே நீட்டவில்லை.

சாயங்காலம் மகள் சுபா கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். வேலை கிடைத்துவிட்டது. எட்டு மாதமாக நானும் வீட்டுக்காரரும் முழங்காலில் நின்று கேட்டது. ஸ்தோத்திரம் என்று எழுதப் போனேன், கூசியது. ஆனாலும் ஸ்தோத்திரம். கொடுத்தது கர்த்தர், கூசுவது என் பாடு.

23 மார்ச், ஞாயிறு

இன்று ஈஸ்வரி வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவதென்று கிளம்பினேன். மாங்காய் ஊறுகாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஊறுகாய்! இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளை எழுப்பி நிற்கவைத்து உண்மையைச் சொல் என்று அதட்டியவள் நான்.

6 ஏப்ரல், ஞாயிறு

திருவிருந்து. எல்லாரும் வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். மேசையை ஆயத்தம் செய்த நான் பெஞ்சிலேயே இருந்தேன். ஒருவருக்குத் தீங்கு செய்துவிட்டு, அதைச் சரிசெய்யாமல் அந்த மேசைக்குப் போகக் கூடாதென்று ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுப்பதும் நான்தான். திரும்பிப் பார்த்தால் கடைசி பெஞ்சில் ஈஸ்வரி. அவளும் போகவில்லை.

முடிந்ததும் தண்ணீர் பாட்டிலோடு என்னிடம் வந்தாள்.

"மேலுக்கு முடியலையா டீச்சர்?"

நீ ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"போகலாமான்னு தெரியல. நான் டம்ளரே கொண்டு போகல டீச்சர். ஆனா எல்லாரும் சொல்றாகளே, நெனப்பில்லாம வச்சுட்டேனோ என்னமோ. அங்குட்டு வர வேணாம்னு அவுகளே நெனைக்கிறாக போல."

அவள் 'அவுக' என்றது கமிட்டியை அல்ல.

பாவி, நான் என்ன பண்ணிட்டேன்! டீ வச்சதுகூடப் பெருசில்ல. ஆசையா அவர்கிட்ட போய் நின்ன ஒரு பொம்பளைய மறிச்சுட்டேனே. செய்யாததைச் செஞ்சோமோன்னு அவளே நம்புற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தேனே — எதுக்கு? டீச்சர்ங்கிற பேருக்கா?

அப்போதும் சொல்லவில்லை. அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன்.

12 ஏப்ரல், சனி

சொல்லிவிட்டேன்.

வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கிராதிக்கு இங்குட்டே நின்னு எத்தன நாள் அழுதிருக்கேன். நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீக டீச்சர்."

ஆமாம் என்றேன். அவள் திரும்பித் துலக்க ஆரம்பித்துவிட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதற்கும் நன்றி சொல்கிறேன். உடனே சொல்லியிருந்தால் கடையில் சாமான் வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன்.

அங்கிருந்து நேரே போதகர் வீட்டுக்குப் போனேன். மேசை வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். விடுவது சுலபம், அவள் பெயர் கெட்டது சபையில், அங்கேயே சொல்லுங்கள் என்றார். கோபப்படவில்லை. அவர் மனைவி காப்பி கொடுத்தார். டம்ளரைக் கீழே வைக்காமலே குடித்து முடித்தேன்.

16 ஏப்ரல், புதன்

நாளை பெரிய வியாழன். அதற்கான ஆயத்த ஆராதனை இன்று. பாவ அறிக்கைக்கு முன் போதகர் என்னை அழைத்தார். எழுபது பேர் இருப்பார்கள். நாலு வாக்கியம்தான். கறை என்னால் வந்தது, ஈஸ்வரி குற்றமற்றவள், தெரிந்தே மௌனமாக இருந்தேன், மன்னியுங்கள். சிலர் மேலே ஃபேனைப் பார்த்தார்கள். செயலர் எழுந்து ஈஸ்வரியிடம் போய்க் கைகூப்பினார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

எல்லாரும் போன பிறகு விரிப்பை எடுத்துக்கொண்டு கிராதியிடம் வந்தேன். சட்டென்று உள்ளே போக முடியவில்லை. பதினோரு வருடத்தில் முதல்முறையாக அங்கே கால் வைக்கப் பயந்தேன். நான் துடைத்து வைக்கிற மேசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய மேசை. அவர் அங்கே இருக்கிறார். என்னை இத்தனை நாள் உள்ளே விட்டுவைத்திருக்கிறார்.

இந்தப் பயம் நன்றாக இருக்கிறது. எத்தனையோ கேட்டிருக்கிறேன், இதைக் கேட்டதில்லை. கேட்காமலே கொடுத்தீர், நன்றி ஆண்டவரே.

17 ஏப்ரல், பெரிய வியாழன்

ஈஸ்வரி வருவாளோ மாட்டாளோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாட்டின்போது வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. திருவிருந்துக்கு அழைத்ததும் கடைசி பெஞ்சிலிருந்து நேரே நடந்து போய், கிராதியின் ஓரத்தில் முழங்கால் போட்டாள். அது போதும் எனக்கு, அதற்காகத்தான் ஜெபித்தேன். நான் எழுந்திருக்கவில்லை.

என் பக்கத்திலிருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். போதகர் கிராதியருகே பந்தி நிறையட்டும் என்று அப்பத்தட்டோடு காத்திருந்தார். ஒரே ஒரு ஆள்தான் குறைவு, ஈஸ்வரிக்குப் பக்கத்தில். எங்கள் பெஞ்சில் மிச்சமிருந்தது நான்தான். எழுந்து போனேன். அவளுக்குப் பின்னால் நின்றேன், முழங்கால் போடத் துணியவில்லை.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் புடவைத் தலைப்பை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.