பழைய பாட்டிலில் புதுத் தூள்

புதன்கிழமை, இரவு

இன்றும் இவரிடம் சொல்லவில்லை.

போன மாதம் லிக்விட் சோப்பு தீர்ந்ததும், புதுவாயல் கடையில் சாக்கிலிருந்து நிறுத்துத் தரும் சோப்புத்தூளை வாங்கினேன். மலிவு சோப்பு என்றாலே இவர் முகம் சுளிப்பார். அதனால் தூளைக் கரைத்துப் பழைய பாட்டிலிலேயே ஊற்றி வைத்தேன். இவருடைய கம்பெனி யூனிபார்மில் இருந்த எண்ணெய்க் கறை முன்பைவிட நன்றாகவே போனது. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அப்புறம்தான் இவருக்குக் கையிலும் கழுத்திலும் அரிப்பு வந்தது. அதே வாரம் கம்பெனியில் மிஷினுக்கு வேறு ஆயில் மாற்றினார்களாம்.

சாயங்காலம் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அந்த ஆயில்தாம்மா பேஜாரு. என்னை பேக்கிங்ல போட்ருங்கன்னு சூப்பர்வைசராண்ட சொல்லிக்கினு வந்தேன். நாளைக்கு எழுதிக் குடுக்கணும்."

"பேக்கிங்ல ஓ.டி. இல்லியேங்க?"

"இல்லன்னா போவுது. தோலு போனா வருமா? ஊட்ல நீ நல்ல சோப்புதான் போட்ற. அப்போ வேற இன்னா?"

ஓவர்டைம் பணம் இல்லாமல் பெண்ணின் காலேஜ் பீஸை எப்படிக் கட்டுவது? வாயைத் திறந்தேன். "டீ போடட்டுமா?" என்றுதான் வந்தது.

ஆயிலா, என் தூளா? கழுத்தில் ஆயில் எப்படிப் படும்? ஆனால் வேர்வையைத் துடைப்பதும் அந்த ஆயில் கைதானே. நான்தான் சரியாக அலசவில்லையோ?

நாளைக்கான சட்டையைச் சோப்பே போடாமல் நாலு தண்ணீரில் அலசிப் போட்டிருக்கிறேன். எழுதிக் கொடுக்க ஒரு வாரம் பொறுங்கள் என்று காலையில் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார். அதற்குள் பாட்டிலைக் கொட்டிவிடுவதா, அவர் கையில் கொடுப்பதா, தெரியவில்லை.