சந்தியாவின் சைக்கிளில் செயின் வழுக்குகிறது

12 பிப்ரவரி 2025
இந்தப் பருவத்தின் முதல் உப்பு வாரினோம். நல்ல வெள்ளை. விலை இறங்கட்டும் என்று லாரிக்காரன் கூனிமேட்டிலேயே நிற்கிறான். நிற்கட்டும்.

சந்தியாவின் சைக்கிளில் செயின் வழுக்குகிறதாம். ஃப்ரீவீல் இல்லாத பந்தய வண்டி. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலால் அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். எழுந்து மிதித்தால் டடக்கென்று பல் தாண்டுகிறது. அடுத்த மாதம் சென்னையில் தேர்வு. தேறினால் விளையாட்டு விடுதி, பிறகு எங்கேயோ ஒரு வேலை. அப்புறம் இந்த உப்பளத்தை யார் பார்ப்பது? ஒரே பெண். அவள் அம்மாவும் இல்லை. கேட்டால், "வித்துடுங்கப்பா" என்கிறாள்.

விற்பதாம். கூலிக்கு உப்பு சுமந்து, அந்த அளத்தையே வாங்கியவன் நான்.

19 பிப்ரவரி
புதுச் செயின் போட்டாள். அப்படியும் வழுக்குகிறது.

24 பிப்ரவரி
புதுச்சேரியில் வாங்கி வந்து பல்சக்கரத்தையும் மாற்றினாள். கூனிமேடு தாண்டுவதற்குள் பழைய கதை. "என் கால்லதான் கோளாறு போலக்குதுப்பா" என்றாள், கண் கலங்கி. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

26 பிப்ரவரி
கொட்டகையில் வண்டியைப் பார்த்தேன். உடனே தெரிந்துவிட்டது. கோளாறு செயினிலும் இல்லை, பல்லிலும் இல்லை. பின்சக்கரம் முன்னால் நகர்ந்திருக்கிறது. நட்டு கடிக்க வேண்டிய இடமெல்லாம் கிரீஸ்.

அளத்தில் தண்ணீர் இறைக்கும் என்ஜினைப் பார்க்கும் ஆரோக்கியராஜின் வேலை. உப்புக்காற்றுக்குப் பயந்து கண்ணில் படும் நட்டுக்கெல்லாம் கிரீஸ் அப்புவது இங்கே எல்லா அளத்திலும் வழக்கம். பாப்பா வண்டி துருப்பிடிக்கக் கூடாதென்று சக்கரத்தைக் கழற்றி, அது உட்காரும் காடிக்குள்ளும் அப்பியிருக்கிறான். இரும்பை இரும்பு கடித்தால்தானே நிற்கும்? மிதிக்க மிதிக்கச் சக்கரம் நழுவும், செயின் தொய்யும், பல் தாண்டும். ஒரு துணியால் துடைத்தால் தீர்ந்தது.

துடைக்கவில்லை.

ஆரோக்கியராஜைக் கூப்பிட்டு, "ஏம்பா, பாப்பா வண்டிய விட்டுடாத, உப்புக்காத்து" என்றேன். அவனுக்கு வாயெல்லாம் பல். "அது எம்பொண்ணு மாதிரிங்க. பளபளன்னு வச்சிருப்பேன்."

16 மார்ச்
தேர்வில் இரண்டாம் சுற்றிலேயே செயின் கழன்று சக்கரத்தில் சிக்கிவிட்டது. அந்த வண்டிக்கு பிரேக் கிடையாது. தோள் எலும்பு முறிந்திருக்கிறது.

தோற்பாள் என்றுதான் நினைத்தேன். விழுவாள் என்று — சரி. எலும்பு கூடிவிடும்.

29 மார்ச்
வண்டியைப் பிரித்துப் பார்த்த கோச் போனில் சொல்லிவிட்டார். கட்டுப்போட்ட கையோடு கொட்டகைக்கு வந்தாள். "உன்ன யாரு மாமா அங்கெல்லாம் கிரீஸ் தடவச் சொன்னது?"

ஆரோக்கியராஜ் என் முகத்தைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றான். சொன்னேன். "அறிவில்ல உனக்கு? இனி இந்தப் பக்கம் வராத, கெளம்பு."

கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே போனான். சந்தியா அழுதாள். தடவிக் கொடுத்தேன்.

8 மே
சந்தியா இப்போது ஆபீசில் உட்கார்கிறாள். "எட போட்டப்புறம் என்னாண்ணே வெல பேசுற? ஓரமா நின்னு அழுதுட்டு வா, ஏத்தலாம்" என்று லாரிக்காரனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். என் ரத்தம்.

21 மே
என்ஜின் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. பெல்ட் வழுக்குகிறது. புது ஆள் தனக்கோடி, "பெல்ட் போயிடிச்சிங்க, மாத்தணும்" என்றான். உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன்: "பெல்ட்டுக்கு ஒண்ணும் இல்லடா. என்ஜின் நகருது. அடியில கிரீஸ் இருக்கும் பாரு. தொடச்சிட்டு இறுக்கு, நிக்கும்."

சந்தியா பக்கத்தில் நின்றிருந்தாள்.

துணியை அவளே எடுத்தாள். குனிந்து துடைத்தாள். இறுக்கினாள். தண்ணீர் வந்தது. கையைக் கழுவிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டாள்.

2 ஜூன்
விலை ஏறியிருக்கிறது. அவள் பேசி முடித்ததுதான். ராத்திரி சோறு போட்டுவிட்டுத் தள்ளி நின்று, "வேற எதனா வேணுமா மொதலாளி?" என்றாள்.

வெளியாள் யாருமில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.