முதல் இடத்தில் உன் கட்டைவிரல்

இன்று காலை கடையைத் திறந்ததும் வழக்கம்போல் இணையத்தில் தேடிப் பார்த்தேன். 'ஏலக்காய் ஏன் வெளுக்கிறது' என்று அடித்ததும் முதல் இடத்தில் நம் கடை வந்து நின்றது. பக்கத்தில் பொட்டு அளவுக்கு ஒரு படம். பழைய செய்தித்தாள் மேல் நான்கு ஏலக்காய், அளவு காட்ட அருகிலேயே உன் கட்டைவிரல். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நீ வைத்திருந்த ஜெராக்ஸ் கடையின் மை அந்த நகக்கண்ணில் இன்னும் இருக்கிறது. இந்த முதல் இடத்துக்காகத்தான் ஏழெட்டு மாதமாகக் காத்துக் கிடந்தேன். வந்த பிறகு அதைப் பார்க்க முடியாமல் எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டேன். அதற்குள் நீ போய் ஏழு மாதம் ஆகிவிட்டது.

போடியில் எல்லோரும் காயை மூட்டை மூட்டையாக ஏலத்தில் வாங்கி விற்றுக்கொண்டிருக்க, நான் மட்டும் சின்னச் சின்னப் பாக்கெட்டாக இணையத்தில் விற்கப் போகிறேன் என்று உன்னிடம் வந்து குதித்தது நினைவிருக்கிறதா? நீ சிரிக்கவில்லை. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களுக்கு நடுவே உட்கார்ந்து கடையின் வலைத்தளத்தை நீயே கட்டினாய். வாங்குகிறவர் யாராவது போனில் ஒரு கேள்வி கேட்டால் அதற்குப் பதிலாக ஒரு பக்கம் எழுதிவிடுவாய். வெளுத்த காயை என்ன செய்வது, பாயசத்துக்கு எத்தனை காய் போடுவது, டப்பாவை எங்கே வைப்பது என்று நாற்பது பக்கம் சேர்ந்தது.

"நேர்ல வர்றவன் காய நசுக்கிப் பாப்பான், மோந்து பாப்பான். போன்ல வாங்குறவனுக்கு அதுக்கு வழியில்ல மாப்ளே. நாமதான் சொல்லணும்" என்பாய்.

காய்க்குப் பக்கத்தில் விரலை எதற்கு வைக்கிறாய் என்று கேட்டேன். "எட்டு மில்லி காயின்னா மெட்ராஸ்ல இருக்கவுகளுக்கு என்ன தெரியும்? வெரலு எல்லாருக்கும் இருக்குல்ல" என்றாய்.

ஒவ்வொரு பக்கத்தையும் கடையில் ஏற்றுவதற்கு முன் வாட்சப்பில் எனக்கு அனுப்புவாய். 'வாசிச்சுப் பாத்துச் சொல்லு மாப்ளே' என்று கீழே எழுதியிருப்பாய். நான் உடனே ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிடுவேன். ஒன்றைக்கூடத் திறந்து வாசித்ததில்லை. லோடு ஏற்றும் வேலை, பாக்கெட் போடும் வேலை என்று பிறகு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. இதையெல்லாம் எவன் வாசிக்கப் போகிறான் என்ற இளக்காரம்தான்.

பிறகு வெளியூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தேடலில் உங்களை எங்கேயோ கொண்டுபோய் உட்கார வைக்கிறோம் என்றார்கள். உன் பக்கங்கள் நீளம், அவற்றால் ஒரு பாக்கெட்டும் விற்காது, அழுக்கு விரல் படம் கடைக்கு அழகில்லை என்றார்கள். நான் தலையாட்டினேன். ஆமாம், அன்று எனக்கு உன் விரலைப் பார்த்து வெட்கமாக இருந்தது. என் ஆயுளில் நான் பட்ட வெட்கங்களிலேயே கேடுகெட்டது அதுதான்.

நாற்பது பக்கத்தையும் ஒரே மத்தியானத்தில் அழித்தேன். நீ ஓடி வந்தாய். "எடுக்குறதுன்னா எடு. பழைய பக்கத்தத் தேடி வர்றவன் புதுப் பக்கத்துக்குப் போற மாதிரி ஒரு வழிய வச்சிட்டு எடு. இல்லாட்டி பூட்டுன கதவுல முட்டிக்கிட்டுத் திரும்பிப் போவான்" என்றாய். "நீ ஒஞ் சோலியப் பாரு" என்றேன். நீ உன் சோலியைப் பார்க்கப் போய்விட்டாய்.

புதிய பக்கங்களில் ஊரில் உள்ள எல்லாக் கடைகளிலும் இருக்கும் அதே வாசகம், அதே பளபளப்புப் படம். போதாததற்கு ஒவ்வொரு பக்கத்திலும் 'போடி ஏலம்' என்று எட்டு இடத்தில் திணித்திருந்தார்கள். திணிக்கச் சொன்னவனே நான்தான். நமக்கு ஏலம் என்றால் காய். காயை விற்பதும் ஏலம்தான். நாம் ஒருநாளும் குழம்பியதில்லை. வெளியூர்க்காரனுக்கு ஏலம் என்றால் பேங்கில் மூழ்கிப்போன நகை என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. திண்டுக்கல்லில் இருந்து ஒருவர் கூப்பிட்டு, "நகை ஏலம் என்னிக்குங்க?" என்றார். இன்னொருவர் டிராக்டர் ஏலத்துக்கு வருமா என்று கேட்டார். இருவரையும் திட்டி போனை வைத்தேன். இப்படி எதையோ தேடிக் கடைக்குள் வந்தவர்கள் வந்த வேகத்தில் வெளியேறினார்கள். தேடி வந்தவன் தேடியது இங்கே கிடைக்கவில்லை என்பது தேடுபொறிக்குப் புரிந்துபோனது. உன் பக்கங்களைத் தேடி வந்தவர்களோ பூட்டிய கதவில் முட்டிக்கொண்டு போனார்கள்.

தேடலில் முதல் பக்கத்தில் இருந்த கடை ஐந்தாம் பக்கத்துக்கு இறங்கியது. பிறகு எங்கே தேடியும் காணவில்லை. ஆர்டர் நின்றது. பாக்கெட் போட ராசிங்காபுரத்தில் இருந்து வந்துகொண்டிருந்த இரண்டு பெண்களையும் இனி வர வேண்டாம் என்று சொன்னேன். வெளியூரிலிருந்து வந்த அந்த இருவரும் போனை எடுக்கவே இல்லை.

ஏல மையத்துக்கு எதிர் டீக்கடையில் குரங்கணி எஸ்டேட் அண்ணன் ஒருநாள் கேட்டார். "என்னப்பா, ஒங் கடையத் தேடுனா காணோமே?" அவருடைய எஸ்டேட்டுக்கு நீ ஒரு வலைத்தளம் செய்துகொண்டிருந்த நேரம் அது. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டேதான் சொன்னேன்: "பயபுள்ள எதுலயோ கைய வச்சு எல்லாத்தையும் கெடுத்துட்டான்ணே."

அடுத்த வாரமே அவர் உன்னிடம் இருந்து அந்த வேலையைப் பிடுங்கிவிட்டார். நீ வந்து என் சட்டையைப் பிடிப்பாய் என்று எதிர்பார்த்தேன். கடைத்தளத்தின் கடவுச்சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாய். "எல்லாம் இதுல இருக்கு மாப்ளே" என்றாய். டீ குடிக்கக்கூட நிற்கவில்லை.

அந்தத் தாளை வைத்துத்தான் ஒருநாள் கடைத்தளத்தின் அறிக்கையை முதல்முறையாக நானே திறந்தேன். ஒளிவுமறைவில்லாமல் இருந்தது. காணாமல்போன பக்கங்கள் என்று நாற்பது வரி, அத்தனையும் நீ வைத்த பெயர்கள். முன்பு எந்தக் கேள்விகளைக் கேட்டு ஆட்கள் உள்ளே வந்தார்கள் என்ற பட்டியலும் இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் நீ பதில் எழுதியிருந்தாய். கடையைத் தூக்கி நிறுத்தியவனையே, கெடுத்தவன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன்.

வாட்சப்பில் மேலே மேலே போனேன். நாற்பதும் இருந்தன, ஒவ்வொன்றின் கீழும் என் கட்டைவிரலோடு. அன்றுதான் வாசித்தேன். 'வெளுத்த காயைத் தூக்கிப் போடாதீர்கள். வெளிச்சம் பட்டு நிறம் இறங்கியிருக்கும். ஒன்றை நசுக்கிப் பாருங்கள். உள்ளே விதை கறுப்பாகப் பிசுபிசுவென்று இருந்து வாசமும் வந்தால் அது நல்ல காய்தான்.' எதிரில் உட்கார்ந்து நீ பேசுவதுபோலவே இருந்தது.

ஒவ்வொன்றாகப் பழைய முகவரியிலேயே திரும்ப ஏற்றினேன். இரவல் படங்களைத் தூக்கினேன், 'ஏலம்' என்ற சொல்லைக் குறைத்தேன், அந்த இருவர் கூலிக்கு எழுதி வாங்கிப் போட்டிருந்த புகழுரைகளை அழித்தேன். ஆனால் ஒருமுறை இறங்கிய கடையைத் தேடுபொறி அவ்வளவு வெரசாக நம்பிவிடாது. வாரக்கணக்கில் அசையவே இல்லை. கடை மேலே ஏறட்டும், ஏறியதும் உன்னிடம் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். வெறுங்கையோடு வர வெட்கமாக இருந்தது.

பக்கங்களை ஏற்றிய பத்தாம் நாளே உன்னிடம் இருந்து செய்தி வந்திருந்தது. 'பழைய பக்கமெல்லாம் வந்திருச்சு போல. பாத்தேன். படந்தான் மங்கலா இருக்கு மாப்ளே. காயக் கொண்டா, புதுசா எடுத்துத் தர்றேன்.' நான் ஒரு கட்டைவிரலை அனுப்பினேன். அதற்கு ஆறாம் நாள் ஜெராக்ஸ் மிஷினுக்குத் தாள் மாட்டும்போது நீ சரிந்து விழுந்தாய். தேனி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

உன் வீட்டு வாசலில் பெஞ்சில் எஸ்டேட் அண்ணன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "நல்ல பயதான். சோலிதான் சுத்தமில்ல" என்றார். நீ உள்ளே படுத்திருந்தாய். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று படத்தைப் பார்த்த கையோடு டீக்கடைக்குப் போனேன். அவர் இருந்தார். "அவன் மேல தப்பில்லண்ணே. அவன் சரியான வழியச் சொன்னான், நாந்தான் கேக்காம கெடுத்தேன். இப்ப கடை நிக்கிறது அவன் எழுதுனதுலதான்" என்றேன், நான்கு பேர் காதில் விழும்படியே. அவர் கிளாசைக் கீழே வைத்தார். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா அவன் சோலிய நான் புடுங்கியிருக்க மாட்டேனேப்பா" என்றார்.

அங்கிருந்து உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியிடமும் சொன்னேன். அவள் திட்டவில்லை.

"அவுகளுக்குத் தெரியும்ணே. 'மாப்ளே வெக்கப்படுறான், அவனா வரட்டும்'னாக. கடேசியா ஒரு மெசேஜ் போட்டாகல்ல, அதுக்கு நீங்க வெரலு அனுப்புனதக் காட்டிச் சிரிச்சாக. 'பாரு, இதையும் வாசிச்சிருக்க மாட்டான்'னு."

டீக்கடையில் நான்கு பேர் முன்னால் வந்த தைரியம் உன் வீட்டுக் கூடத்தில் வரவில்லை. ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். இன்னும் யாரிடமும் சொல்லாமல் நான் சுமப்பது அதைத்தான். அதனால்தான் உனக்கே எழுதுகிறேன்.

வாசித்தேன் மாப்ளே. நீ அனுப்பியதில் வந்த உடனே நான் வாசித்தது 'காயக் கொண்டா' என்ற அது ஒன்றைத்தான். இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் அந்தக் கட்டைவிரலை அனுப்பினேன்.