மூடி கத்தியது, மணி ஒலிக்கவில்லை

அனுப்புநர்
திருமதி ராணி ஜெயராமன்,
இரண்டாம் தளம், பி பிளாக்,
மகிழம் அடுக்குமாடிக் குடியிருப்பு,
சேக்காடு, ஆவடி.

பெறுநர்
மாவட்ட அலுவலர் அவர்கள்,
தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை,
திருவள்ளூர் மாவட்டம்.

பொருள்: தீ எச்சரிக்கை மணிகளின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அழைப்புப் பெட்டிகளுக்குப் பாதுகாப்பு மூடி மட்டும் பொருத்தியது – நேரடி ஆய்வு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எழுபத்தாறு வயதுக் கைம்பெண். என் கணவர் காலஞ்சென்ற ஜெயராமன், ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் தீத்தடுப்புப் பிரிவில் பணியாற்றியவர். குவாட்டர்ஸில் இருந்த காலமெல்லாம் வாரந்தோறும் சோதனைச் சங்கு ஊதக் கேட்டவள் நான். எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் திரு. ரகுநாதன், அதே பிரிவில் என் கணவரிடம் வேலை பழகியவர். என்னை 'அண்ணி' என்றே அழைப்பார்.

2. எங்கள் கட்டடத்தில் தளத்திற்கு ஒரு சிவப்புப் பெட்டி உண்டு. அதன் கண்ணாடியை உடைத்தால் கட்டடம் முழுவதும் மணி ஒலிக்க வேண்டும். பிள்ளைகளின் பந்து பட்டு அது அடிக்கடி உடைந்து வீணாக மணி அடித்ததால், சென்ற ஆண்டு பொதுக்குழுவுக்கு முன் ரகுநாதன் என் வீட்டுக்கு வந்தார். பெட்டியின்மேல் பிளாஸ்டிக் மூடி போடலாம், தூக்கினால் பேட்டரியில் அந்த மூடியே கத்தும், நீங்கள் முன்மொழிந்தால் யாரும் மறுக்கமாட்டார்கள் என்றார். முன்மொழிந்தேன். ஒருவரும் மறுக்கவில்லை.

3. கடந்த மாதம் ஒரு பிற்பகல், கீழே சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகை படிக்கட்டில் ஏறியது. நான் மூடியைத் தூக்கினேன், கத்தியது. கண்ணாடியையும் உடைத்தேன். காதை அடைத்த அந்தக் கத்தலில் மணியும் சேர்ந்திருக்கிறது என்று நம்பி, பின்புறப் படிகளில் இறங்கினேன்.

4. நான்காம் தளத்தில் ஜமீலா அவர்கள் இருந்தார். வாக்கர் இன்றி நடக்க இயலாதவர். மணி கேட்டதும் அவர் கதவிடுக்கில் ஈரத்துணியை அடைத்துவிட்டுப் பால்கனிக்குப் போக வேண்டும். நான் கீழே சென்று ஆள் அனுப்புவேன். இது எங்கள் இருவருக்குள் இருந்த ஏற்பாடு. கீழே வந்து நிமிர்ந்து பார்த்தேன். பால்கனியில் யாரும் இல்லை. மணி அடித்தும் ஏன் வரவில்லை என்று பதறினேன். மணல் கொட்டிக்கொண்டிருந்த காவலாளி தேவா சொன்னதை, நான் படித்த கன்னியர் மடப் பள்ளியில் பழக்கியபடி, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்: "இன்னா ஆயா, மணி எங்க அட்ச்சிது? மேல உன் மூடிதான் கத்திகினு கீது." பிறகு அவரும் இரண்டு இளைஞர்களும் முகத்தில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு ஏறினார்கள். உறக்கத்திலேயே புகையை உள்ளிழுத்திருந்த ஜமீலாவைத் தூக்கி வந்தார்கள். இன்று அவர் பாடிப் பகுதியில் உள்ள மகள் வீட்டில் ஆக்சிஜன் உதவியுடன் இருக்கிறார்.

5. நான் நேரில் கேட்டபோது ரகுநாதன் மறுக்கவில்லை. "சும்மா சும்மா மணி அடிச்சா ஜனங்க என்னைத்தானே திட்றாங்க அண்ணி? மூடி போட்ட அன்னைக்கே ஒயரைக் கழட்டிட்டேன்" என்றார். மறுநாள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலோ, 'முதியவர் ஒருவர் பதற்றத்தில் மூடியை மட்டும் தூக்கிவிட்டுச் சென்றதால் மணி ஒலிக்கவில்லை' என்று எழுதினார். அதற்குள் பெட்டியில் புதிய கண்ணாடி ஏறியிருந்தது. பழைய கண்ணாடி கிழித்த என் உள்ளங்கையில் தையல் இருக்கிறது.

6. விவரம் அறியாதவர் செய்திருந்தால் பிழை என்று விட்டிருப்பேன். தொழிற்சாலையில் வாராவாரம் அந்தச் சோதனைச் சங்கை ஊதியவரே ரகுநாதன்தான். தாம் செய்ததை நான் முன்மொழிந்த மூடியாலேயே மறைத்தார். ஜமீலாவோ குழுவில் வந்ததை நம்பிவிட்டார். "அக்கா மணி அடிக்காம ஓடிட்டாங்க" என்று மகளிடம் சொன்னாராம். என் தொலைபேசி அழைப்பை எடுப்பதில்லை.

7. தவறான அழைப்பைத் தடுக்க மூடி போடுவதை நான் இப்போதும் எதிர்க்கவில்லை. மூடிக்குப் பின்னால் உயிருள்ள மணி இருக்க வேண்டும். எனவே எல்லாப் பெட்டிகளையும் தாங்கள் திறந்து பார்த்து, பொறுப்பானவர்கள்மீது விதிப்படி நடவடிக்கை எடுத்து, வாரந்தோறும் மணியை ஒலித்துச் சோதிக்க ஆணையிட வேண்டுகிறேன்.

8. ஆய்வுக்கு வரும் நாளைச் சங்கத்திற்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டாம். ஒரே இரவில் ஒயரை மாட்டிவிடுவார்கள். எனக்கும் தெரிவிக்க வேண்டாம்; நான் சொல்லிக்கொடுத்தேன் என்பார்கள். ஜமீலாவின் மகளுக்கு மட்டும் தெரிவியுங்கள். அந்த மகளின் தொலைபேசியில் தாயார் கேட்டுக்கொண்டிருக்க, இரண்டாம் தளத்து மூடியைத் தூக்கிக் கண்ணாடியைத் தாங்களே உடையுங்கள். நான் அன்று கேட்டதை ஜமீலாவும் கேட்கட்டும்.

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
ராணி ஜெயராமன்

இடம்: சேக்காடு, ஆவடி
நாள்: 18.02.2025